தவறு யாருடையது என்று கேட்கும் நிதியமும், கேட்காத திட்டமும்

தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பனில் பெட்ரோல் போடுகிற எல்லோரும் விபத்துக் காப்பீட்டுக்கும் சேர்த்தே பணம் கட்டுகிறார்கள். விபத்தில் காயம்பட்டவர்களுக்கு இழப்பீடு தரும் அரசின் சாலை விபத்து நிதியத்துக்கான வரி 2021 ஏப்ரலில் லிட்டருக்கு 2.18 ராண்ட் ஆனது. ஆனால் காயம்பட்டவர் அந்த நிதியத்திடம் போனால் முதல் கேள்வி, தவறு யாருடையது என்பதுதான். அந்தக் கேள்வியே வேண்டாம் என்ற மசோதாவை நாடாளுமன்றம் 2020-ல் நிராகரித்தது.

ஓர் உதாரணம்: டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஹிக்கின்சன் நெடுஞ்சாலை. மழையில் மாமா வேகமாக ஓட்டிய கார் வழுக்கித் தடுப்பில் மோதுகிறது. வேறு வண்டி எதுவும் இல்லை. பக்கத்து இருக்கையில் இருந்த அத்தைக்கும் அவருக்கும் கால் முறிவு. அத்தை பயணி, ஓட்டியவர் மேல் 1 சதவீதத் தவறு இருந்தாலே போதும், தன் கிளெய்மை முழுதாகக் கேட்கலாம். மாமாவுக்கு ஒரு சென்ட் கூடக் கிடையாது. இன்னொரு வண்டி மோதியிருந்தால் மாமாவின் பங்குத் தவறு எத்தனை சதவீதமோ அத்தனை கழியும், அதையும் வாதாடித்தான் முடிவு செய்ய வேண்டும்.

நிராகரிக்கப்பட்ட திட்டத்தில் இருவருக்கும் வைத்தியச் செலவும் வருமான உதவியும் உண்டு. ஆனால் வருமான உதவி தவணையாகத்தான் வரும், வலிக்கும் வேதனைக்கும் தனித் தொகை இல்லை. இப்போதைய சட்டத்திலும் அந்தத் தொகை கடுமையான காயத்துக்கு மட்டும்தான். உடல் செயல்பாட்டில் 30 சதவீத இழப்பு என்பது ஓர் அளவுகோல். வந்த பணத்தில் 25 சதவீதம் வரை வக்கீலுக்குப் போகலாம். வக்கீல்கள் மசோதாவை எதிர்த்ததில் ஆச்சரியம் என்ன? அதற்காக அவர்கள் சொன்னதெல்லாம் பொய் என்றும் சொல்ல மாட்டேன். சிவப்பு விளக்கில் ஒழுங்காக நின்றவரை ஒருவன் பின்னால் வந்து இடித்தால், அவருக்குப் பழைய முறைதான் லாபம்.

என் குறை வேறு. 2008 ஆகஸ்டிலிருந்து, மோதியவர்மேல் உடல் காயத்துக்காக நேரடியாக வழக்குப் போடும் உரிமை இங்கே போய்விட்டது. நியூசிலாந்திலும் 1974-ல் அதை விட்டுக்கொடுத்தார்கள். பதிலுக்கு யார் தவறானாலும் சிகிச்சையும் சம்பளத்தில் ஒரு பங்கும் வாங்கிக்கொண்டார்கள். ஏணியில் இருந்து விழுந்தால்கூட உண்டு. நாமோ விலையைக் கொடுத்துவிட்டுப் பொருளைக் கடையிலேயே விட்டு வந்திருக்கிறோம்.

சரி, காருக்கு? இரண்டு முறையிலும் எதுவும் இல்லை, நிதியம் தகரத்துக்குப் பணம் தராது. முழுக் காப்பீடு எடுத்திருந்தால் தவறு உங்களுடையதானாலும் உங்கள் கம்பெனியே எக்ஸெஸ் தொகையை (நீங்களே ஏற்க வேண்டிய பங்கை)க் கழித்துக்கொண்டு சரிசெய்து தரும். மூன்றாம் நபர் காப்பீடு எதிராளியின் வண்டிக்கு மட்டும். இந்த நாட்டில் கார் காப்பீடு கட்டாயம் இல்லை என்பதால் இடித்தவரிடம் எதுவுமே இல்லாமலும் போகலாம். அதனால் கையில் கொஞ்சம் இருந்தால் முழுக் காப்பீடுதான் என் கட்சி.

அப்புறம், காயத்துக்கான கிளெய்ம் போட, மோதியவர் யாரென்று தெரிந்தால் 3 வருடம், தெரியாமல் தப்பி ஓடியிருந்தால் 2 வருடம்தான்.