காசிமேட்டு மீனுக்கு எந்த வெள்ளை ஒயின்?

நெத்திலி வறுவலுக்கு பீர்தான் ஜோடி என்று ராயபுரத்தில் பாதிப் பேர் அடித்துச் சொல்வார்கள். நான் டிரை ஒயின் கட்சி. டிரை என்றால் இனிப்பு தெரியாதது. பொதுவாக லிட்டருக்கு 4 கிராமுக்குள் சர்க்கரை. கையைக் கடிக்காத விலையில் பார்த்தால், போட்டி மூன்று பாட்டில்களுக்குள்தான்.

என் ஓட்டு நாசிக்கில் உள்ள சூலா கம்பெனியின் சாவின்யோன் பிளாங்குக்கு. அது திராட்சை வகையின் பெயர்; கீழே வரும் செனின் பிளாங், ஷார்டனேயும் அப்படித்தான். புளிப்பு தூக்கலாக இருக்கும். மூக்கில் வைத்தால் குடைமிளகாய், நறுக்கிய புல், கொஞ்சம் கொய்யா. வறுவலின் எண்ணெய்ப் பிசுக்கை அந்தப் புளிப்பு வழித்துக்கொண்டு போய்விடும். கடம்பா (கணவாய்) வறுவலுக்கும் இதுவே. பீச் ஸ்டேஷன் பக்கம் விற்கும் பர்மா நூடுல்ஸான அத்தோவோடுகூட ஒத்துப்போகும். அதிலும் எலுமிச்சையும் பூண்டும்தானே ஆட்சி!

அதே கம்பெனியின் செனின் பிளாங் லேசாக இனிக்கும். டிரை என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். ஆனால் வஞ்சிரக் குழம்பு வைத்த நாளில் கதை மாறும். ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலை ஏற்றிவிடும், இனிப்பு அதைத் தணிக்கும். குழம்பு என்றால் நானும் செனின் பக்கம் சாய்ந்துவிடுவேன்.

மூன்றாவது, வெளிநாட்டு ஷார்டனே. கொடுக்கிற காசில் பெரும்பங்கு வரிக்கே போகிறது. ஓக் பீப்பாயில் கிடந்ததென்றால் வனிலா வாசனை வேறு வரும். வெண்ணெயில் வாட்டிய இறாலுக்குச் சரி, நம்ம மசாலாவோடு ஒட்டாது.

எதை எடுத்தாலும் லேபிளில் உள்ள வருடத்தைப் பாருங்கள். அது திராட்சை அறுவடையான வருடம். ஐரோப்பாவில் செப்டம்பர் வாக்கில் நடக்கும் அறுவடை நாசிக்கில் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் முடிந்துவிடும். இந்த விலை வெள்ளை ஒயின்கள் வைத்திருந்து குடிப்பதற்கானவை அல்ல. இருப்பதில் புதியதைக் கேளுங்கள். வெயில் படும் அலமாரியில் நின்ற பாட்டில் என்றால் எவ்வளவு நல்ல பெயராக இருந்தாலும் வேண்டாம். சென்னை வெக்கையில் ஒயின் கெட்டுப்போக அதுவே போதும்.

அப்புறம், இரண்டு மூன்று மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள்; 8 முதல் 10 டிகிரி சரியாக இருக்கும். கிளாஸில் கொஞ்சமாக ஊற்றுங்கள், சீக்கிரம் சூடாகிவிடும். ஐஸ் போட்டால் அந்தப் புளிப்பு நீர்த்துப்போய், காசும் வீண். மிச்சமிருந்தால் மூடியைத் திருகித் திரும்ப ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும்.