மாரித் தோட்டம்: பாத்தியா, உரப்பையா?

ஐப்பசி மழைக்கு முன்னம் வளவைக் கொத்திப் பாத்தி போடுவதா, பழைய உரப்பைகளில் மண் நிரப்புவதா என்று எங்கள் வீட்டில் ஒவ்வொரு வருசமும் பேச்சு வரும். இரண்டும் செய்து பார்த்தாயிற்று.

திருகோணமலையில் எங்கள் உப்புவெளிப் பக்கத்து மணலில் தண்ணீர் நிற்காது, பசளையும் நிற்காது. நவம்பர், டிசம்பர் மழை மாட்டெருவின் சத்தைக் கீழே கழுவிக்கொண்டு போக, கத்தரியின் அடியிலைகள் மஞ்சளாகிவிடும். பையென்றால் அடைமழைக்குத் தாவாரத்தடிக்கு இழுத்து வைக்கலாம், பாதி மண்ணும் பாதி மக்கின எருவும் கலந்தால் போதும். ஆனால் ஓட்டை முக்கியம். அடியில் ஓட்டை போடாத பையில் அம்மா வைத்த மிளகாய்க் கன்று தலை தொங்கிவிட்டது, பிடுங்கினால் வேரின் தோல் பழுப்பாக விரலோடு உரிந்து வந்தது.

பயற்றை, வெண்டி, பூசணிக்கு நிலம்தான். விதையை நேரே ஊன்றலாம், பூசணிக்கொடி வேலிவரை ஓட இடமும் இருக்கும். மழை ஓய்ந்த பிறகு பைக்குத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும், வைக்கோல் மூடிய பாத்தி ஒரு நாள் விட்டாலும் தாங்கும்.

இந்த முறை மிளகாயும் கத்தரியும் மட்டும் பைக்கு. நாற்று இப்போதே சிரட்டைகளில் நாலு இலை விட்டு நிற்கிறது.