லுணுகலை ஏற்றத்தில் மச்சானின் வான்

மாமாங்கக் கோயிலில் ஆடி அமாவாசைத் தீர்த்தம் ஆட வேண்டும் என்றுதான் இந்த முறை ரொறன்ரோவிலிருந்து மட்டக்களப்புக்கு வந்தோம். தீர்த்தம் முடிந்து, பிள்ளைகளை நுவரெலியாவுக்குக் கூட்டிப்போக மச்சான் தன் பழைய டவுன் ஏஸ் வானை எடுத்தார். 2சி டேர்போ டீசல் எஞ்சின் (டேர்போ என்பது புகைக்காற்றின் விசையில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சாமான்). செங்கலடியிலிருந்து மகாஓயா, பிபிலை வரை ஒரு குறையும் இல்லை. லுணுகலை ஏற்றம் தொடங்கியதும் இழுவை விழுந்தது, பின்னால் ஒரே கரும்புகை, கொஞ்ச நேரத்தில் வெப்ப ஊசி சிவப்புக்குப் போய்விட்டது. ஓரம் கட்டி, ஆறும்வரை இருந்து, மெல்ல மெல்ல ஊருக்குத் திரும்பினோம். பிள்ளைகள் அழுதே விட்டார்கள்.

டவுனில் முதலில் காட்டிய கராஜில் சீற்றைக்கூடத் தூக்கிப் பார்க்கவில்லை (இந்த வானுக்கு எஞ்சின் சீற்றுக்குக் கீழே). டேர்போ போச்சு, ரேடியேட்டர் போச்சு, பேசாமல் கொழும்பு பஞ்சிகாவத்தையில் வேறு எஞ்சின் எடுத்துப் போடுங்கள் என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. வெளிநாட்டுக்காரன் பக்கத்தில் நிற்பதைப் பார்த்துச் சொன்ன விலை என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

மாமா சொல்லித்தான் களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு சின்ன கராஜுக்குப் போனோம். வயதான மனுஷன், கூட ஒரு பொடியன், அவ்வளவுதான். அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, இதுக்கு முன்ன யாரெல்லாம் இதில கை வைச்சது?" மச்சான் யோசித்து யோசித்துச் சொன்னார். போன வருஷம் இழுவை குறைவு என்று ஒருவர் டீசல் பம்பின் ஸ்குரூவைத் திருகிவிட்டாராம். பிறகு சூடு ஏறுகிறது என்று இன்னொருவர் தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூட்டைப் பார்த்துத் தண்ணீர் வழியைத் திறந்து மூடும் வால்வு) கழற்றி எறிந்துவிட்டாராம். "சரி, வானை இரவைக்கு இங்க விட்டுட்டுப் போங்க, காலமை எஞ்சின் பச்சைத் தண்ணியா இருக்கேக்க பாக்க வேணும்" என்றார்.

மறுநாள் காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணி, தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். குமிழி விடாமல் வந்தால், அல்லது மூடியைப் போட்டு ஸ்டார்ட் பண்ணி எஞ்சின் சூடாகும் முன்பே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல்லுப் போல இறுகினால், ஹெட் (எஞ்சினின் மேல் மூடிப் பகுதி) வெடித்திருக்கிறது அல்லது அதன் அடியில் இருக்கும் காஸ்கெட் போய்விட்டது என்று அர்த்தம். இந்த எஞ்சின் ஒரு தடவை நன்றாகச் சூடேறினாலே ஹெட் வெடிப்பதற்குப் பேர்போனது, அதனால் எனக்கு நெஞ்சு படபடத்தது. குமிழி வரவில்லை.

அப்புறம் சீற்றைத் தூக்கி, டேர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்றுப் போகும் ரப்பர் ஹோஸைத் துடைத்து, சவர்க்காரத் தண்ணீர் தடவி, பொடியனை அக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார். ஹோஸின் அடிப்பக்கம், எண்ணெய் ஊறிக் கறுத்த இடத்தில், ஒரு விரல் நீளத்துக்குக் கீறல் வாய் திறந்து நுரை தள்ளியது. மிதியை விட்டதும் மூடிக்கொண்டது. நிறுத்தி வைத்துப் பார்த்தால் யாருக்கும் தெரியாது. டேர்போவின் தண்டை விரலால் ஆட்டிப் பார்த்தார்: பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம், முன்பின்னாக அசைவே இல்லை, இறக்கை உடம்பில் உரசவும் இல்லை. நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற சாமானுக்கு அது போதும். டேர்போ நல்ல டேர்போ.

கதை இவ்வளவுதான். ஹோஸ் கிழிந்து காற்றுக் குறைந்தது, இழுவை விழுந்தது. அதற்கு மருந்தாக டீசலைக் கூட்டினார்கள். காற்றில்லாமல் டீசல் கூடினால் கரும்புகையும், புகைக்காற்றில் கடும் சூடும்தான் வரும், அந்தச் சூடு முழுவதும் ஹெட்டுக்கும் தண்ணீருக்கும் இறங்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் தண்ணீர் நன்றாக ஓடும் என்று நம் ஊரில் பலர் நம்புகிறார்கள். இதில் இருக்கும் வகை, சூடானதும் பைபாஸ் என்ற குறுக்கு வழியையும் சேர்த்து அடைக்க வேண்டியது. அது இல்லாவிட்டால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைத் தொடாமலே எஞ்சினுக்குள் திரும்பிவிடும்.

ரேடியேட்டரிலும் பிழை இருந்தது, மறைக்கவில்லை. எஞ்சினை நிறுத்திக் கையால் தடவினால் கீழ்ப்பாதி குளிர்ந்து கிடந்தது. கிணற்றுத் தண்ணீரை மட்டும் ஊற்றி ஓடியதில் உள்ளே துருச்சேறு. பித்தளை ரேடியேட்டர் என்பதால் டாங்கை இளக்கி, குழாய்களுக்குள் கம்பி விட்டுக் குத்தி, கழுவி, திரும்ப ஈயம் வைத்து ஒட்டினார்கள். தேயிலைச் சாயத் தண்ணீர் நிறத்தில் வாளி வாளியாக வந்தது. புது ஹோஸ், புது தெர்மோஸ்டாட், 0.9 என்று அழுத்த அளவு அடித்த புது மூடி, கூலன்ட். பம்ப் ஸ்குரூவைப் பழைய இடத்துக்குத் திருப்பினார். வானின் மூக்கை மேட்டில் ஏற்றி நிறுத்தி, ஹீட்டரைத் திறந்து வைத்து, உள்ளே காற்று அடைபடாமல் பொறுமையாக நிரப்பினார்.

முழு வேலைக்கும் இரண்டு நாள். வாங்கிய காசு, டவுனில் கேட்டதில் ஒரு மூலைக்கும் வராது. மேலே கொஞ்சம் கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார். ஏற்றம் ஏறி முடிந்தால் எஞ்சினை உடனே நிறுத்தாமல் இரண்டு நிமிடம் சும்மா ஓடவிடச் சொன்னார், இல்லாவிட்டால் டேர்போவுக்குள் எண்ணெய் கருகிவிடுமாம்.

அடுத்த கிழமை அதே லுணுகலை ஏற்றம், அதே எட்டுப் பேர். ஊசி பாதிக்குக் கீழேயே நின்றது. நுவரெலியாவில் மறுநாள் விடியக்காலை மச்சான் எனக்கு முன்பே எழும்பிப் போய் மூடியைத் திறந்து பார்த்திருக்கிறார். தண்ணீர் ஒரு சொட்டும் குறையவில்லை.