'வாந்தி வருது' என்று சொன்னால் கேஸ் மாத்திரைதான் கிடைக்கும்: யாரிடம் முதலில் போவது?

என் தங்கை முதன்முதலில் டாக்டரிடம் சொன்னது மூன்றே சொல்: "அடிக்கடி வாந்தி வருது." அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், கேஸ் மாத்திரை எழுதினார், காரத்தைக் குறைக்கச் சொன்னார். அவர்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். அவள் சொன்னதற்கு அதுதான் வைத்தியம். ஆனால் வாந்தி வரவில்லை, அவள் வரவழைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு வினைச்சொல்லை யாரிடம் சொல்வது என்று முடிவுசெய்யவே எங்களுக்கு எட்டு மாதம் ஆனது.

குடும்ப டாக்டரிடம் இதைச் சொல்வது கஷ்டம். அப்பாவை அவருக்குத் தெரியும். திரைச்சீலைக்கு அந்தப்பக்கம் அடுத்த நோயாளி உட்கார்ந்திருப்பார். கிடைப்பதே ஐந்து நிமிடம். அதிலும் கண் முதலில் எடை மெஷினுக்குத்தான் போகும். அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு, எடை ஏறாமலிருக்க வாந்தியோ பேதியோ வரவழைக்கிற உணவுக் கோளாறுதான் புலிமியா. அது உள்ள பலருக்கு எடை சாதாரணமாகவே இருப்பதால் "நல்லாத்தானே இருக்கே" என்று முடித்துவிடுவார்கள். "கொஞ்சம் இளைச்சிருக்கே, நல்லது" என்று பாராட்டு வேறு.

இவ்வளவு சொல்லிவிட்டும், வாந்தியோ பேதி மாத்திரையோ இருந்தால் முதல் படி இவர்தான் என்பேன். தொடர்ந்து வாந்தி எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறையும், இதயத் துடிப்பின் சீர் கெடும். எவ்வளவு நல்ல தெரபிஸ்டாக இருந்தாலும் பேச்சில் அது தெரியாது. ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் அன்றே எடுத்துவிடலாம். ஆனால் ரிப்போர்ட் நார்மல் என்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. நோய் முற்றியவர்களுக்கும் சில சமயம் நார்மலாக வரும். வாய் வராவிட்டால் சீட்டில் எழுதி நீட்டுங்கள்: நானே வரவழைக்கிறேன், வாரத்துக்கு இத்தனை தடவை, இத்தனை மாதமாக, மயக்கம் உண்டா, மாதவிடாய் நின்றதா. இவரிடம் மனக்கஷ்டத்தை விடக் கணக்குதான் எடுபடும்.

எங்கள் விஷயத்தில் சரியான கேள்வியை முதலில் கேட்டது யார் தெரியுமா? பல் டாக்டர். மேல் முன்பற்களின் உட்புறம் எனாமல் கரைந்திருந்தது. வயிற்று அமிலம் அடிக்கடி படுகிற இடம் அது. "நீயாவே வாந்தி எடுக்கிறியாம்மா?" என்றார். அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை, தலையாட்டினால் போதுமாயிருந்தது.

அடுத்து மனநல மருத்துவர். வீட்டில் பெரிய எதிர்ப்பு இங்கேதான், காரணம் உங்களுக்கே தெரியும். இவரால் மாத்திரை எழுத முடியும். புலிமியாவுக்கு ஃபுளுவாக்ஸெட்டின் ஓரளவு உதவும். எடை கூடிவிடும் என்ற பயத்தில் சாப்பாட்டையே ஒதுக்குகிற அனோரெக்ஸியாவில் மாத்திரைக்குப் பெரிய பங்கு இல்லை. கூடவே இருக்கும் மனச்சோர்வைக் கண்டுபிடிப்பதும் இவர்தான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்தப் பிரிவு உண்டு. ஓ.பி. வரிசையில் நிற்கப் பொறுமை வேண்டும். இவரிடம் எதை மறைத்தாலும் வாந்தியை மறைக்காதீர்கள். மனச்சோர்வுக்குத் தரும் பியூப்ரோபியான், புலிமியா உள்ளவர்களுக்கு வலிப்பைக் கொண்டுவரலாம்.

உளவியலாளரால் மருந்து தர முடியாது, ஆனால் ஒரு மணி நேரம் தர முடியும். புலிமியாவுக்கு நன்றாகச் சோதிக்கப்பட்ட பேச்சு சிகிச்சை சிபிடி, அதாவது நினைப்பையும் பழக்கத்தையும் சேர்த்து மாற்றப் பழக்குவது, வழக்கமாக 20 வாரம் போல. என்ன சாப்பிட்டோம், அப்போது மனசில் என்ன ஓடியது என்று தினமும் எழுத வேண்டும். செலவும் ஆகும். கவுன்சலர் என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டுகிற ஊர் இது, அதனால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்தானா, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு உண்டா என்று பாருங்கள். உணவுக் கோளாறு உள்ளவர்களைப் பார்த்த அனுபவம் உண்டா என்று போனிலேயே கேட்டுவிடலாம். நல்லவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நான் இன்னொன்றும் பார்ப்பேன்: தமிழில் பேசுகிறவரா? முதல் தெரபிஸ்டிடம் என் தங்கை எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொன்னாள். வாந்தி வரவழைப்பதை 'பர்ஜிங்' என்று சொல்ல அவளுக்குக் கூச்சமே இல்லை, யாரோ ஒருத்தியின் கதை மாதிரி. இரண்டாமவர் "வீட்ல பேசுற மாதிரி சொல்லு" என்றார். அன்றைக்குத்தான் அழுதாள்.

டயட்டீஷியன் தேவைதான், ஆனால் தனியாகவும் முதலாகவும் வேண்டாம். இந்த நோய் உள்ளவர் கையில் கலோரி அட்டவணை கொடுப்பது எரிகிற அடுப்பில் நெய் ஊற்றுவது. 14416, அதாவது டெலி மானஸ், 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் இலவச மனநல உதவி எண். தமிழிலும் பேசலாம். சிகிச்சைக்கு அது மாற்று ஆகாது. 'நானே வரவழைக்கிறேன்' என்ற அந்த வாக்கியத்தை முகம் தெரியாத ஒருவரிடம் ஒருமுறை சொல்லிப் பழக, நடுராத்திரியிலும் கிடைக்கிற இடம்.

சரி, அம்மா உள்ளே இருக்கலாமா? வயதைப் பொறுத்தது. பள்ளி வயதில் அனோரெக்ஸியா என்றால் பெற்றோர் இல்லாமல் நடக்காது. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்ப சிகிச்சையில் தட்டில் என்ன விழ வேண்டும் என்பதையே கொஞ்ச காலம் பெற்றோர்தான் முடிவு செய்வார்கள். என் தங்கைக்கு 22 வயது. "அம்மா வெளிய இருக்கட்டும்" என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும், உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்கள் தவிர, ரகசியம் காக்கச் சொல்கிறது.

இப்போது அவளுக்கு இரண்டு பேர்: வியாழக்கிழமை உளவியலாளர், பொட்டாசியம் பார்க்க அதே பழைய குடும்ப டாக்டர். சீட்டைப் படித்த அன்று அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. போன மாதம் காய்ச்சலுக்குப் போனபோது, வயிறும் சரியில்லை, வாந்தி என்றாள். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: "வந்துச்சா, வரவழைச்சியா?"

வந்துச்சுதான் டாக்டர் என்று அவள் சிரித்துவிட்டாள்.