கேலக்ஸி ஏ36, மோட்டோரோலா எட்ஜ் 60 ஃப்யூஷன்: ஏற்காட்டு வீட்டுக்கு எது?

ஏற்காட்டில் இருக்கும் அம்மாவுக்குக் கைப்பேசி வாங்க அலைந்தபோது, கடைசிவரை போட்டியில் நின்றவை இவை இரண்டும்தான். நான் எடுத்தது சாம்சங். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

வயதில் மோட்டோரோலாவே மூத்தது. 1928இல் சிகாகோவில் தொடங்கி, கார் ரேடியோவால் பெயர் பெற்று, 1973இல் மார்ட்டின் கூப்பர் கையடக்கக் கைப்பேசியில் முதல் அழைப்பைச் செய்யும் அளவுக்கு வளர்ந்த நிறுவனம் அது. 1969இல் பிறந்த சாம்சங் எலெக்ட்ரானிக்ஸ், கறுப்பு வெள்ளை டி.வி.யிலிருந்து 1988இல்தான் கைப்பேசிக்கு வந்தது. 1995இல் தரமற்றவை என்று ஏறத்தாழ ஒன்றரை லட்சம் கருவிகளைத் தென்கொரியாவின் குமி ஆலையில் தீக்கிரையாக்கிய அந்நிறுவனம், 2012இல் நோக்கியாவை முந்தியது. அதே ஆண்டில் மோட்டோரோலாவின் கைப்பேசிப் பிரிவு கூகுளுக்கும், 2014இல் லெனோவோவுக்கும் கைமாறியது.

விலை, சார்ஜ் ஏறும் வேகம், பெட்டியிலேயே வரும் சார்ஜர் ஆகியவற்றில் மோட்டோரோலாவுக்கே வெற்றி. அறிமுக விலையில் 22,999 எங்கே, 32,999 எங்கே! மலைப் பனிக்கும் மழைக்கும் அதன் ஐபி69 (தண்ணீர், தூசி புகாமை தரக்குறியீடு) பாதுகாப்பு கூடுதல் தெம்பு.

ஆயினும் என் முடிவைத் தீர்மானித்தது டிஸ்ப்ளேதான். எட்ஜின் திரை ஓரங்களில் வளைந்தது. ஏ36இன் திரை தட்டையானது. உடைந்தால் திரை மாற்றுவது பற்றிச் சேலம் கடைகளில் விசாரித்தபோது, சாம்சங் காம்போ (டிஸ்ப்ளேயும் தொடுகண்ணாடியும் சேர்ந்த மாற்றுத்திரை) கையிருப்பில் இருப்பதாகவும் வளைந்த திரையை ஆர்டர் போட்டுத்தான் வரவழைக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். இரண்டிலுமே விரல் ரேகை உணரி திரைக்கு அடியில் இருக்கிறது. தானே ஒளிரும் அசல் ஓ.எல்.இ.டி. திரைக்குப் பதிலாக, பின்விளக்கு தேவைப்படும் மலிவான எல்.சி.டி. நகலைப் பொருத்திவிட்டால், அதன் பின்விளக்குத் தகடு ஒளியை மறைப்பதால் உணரி வேலை செய்யாது. பூட்டைத் திறக்கும் ரகசிய எண்ணுக்குப் (PIN) பதிலாக விரலையே நம்பியிருக்கும் அம்மாவுக்கு, அதன் பிறகு அந்தக் கைப்பேசி பூட்டிய பெட்டிதான். ஆகவே அசல் திரை எதற்குச் சுலபமாகக் கிடைக்குமோ, அதற்குப் பத்தாயிரம் கூடுதலாகக் கொடுத்தேன். ஏ36க்கு ஆறு ஆண்ட்ராய்டு மேம்பாடுகள், எட்ஜுக்கு மூன்று என்பதும் அந்தத் தொகையை ஓரளவு நியாயப்படுத்துகிறது.

வளைந்த திரையை நான் நாள்பட வைத்திருந்ததில்லை. அது எளிதில் உடையும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். சேலம் நகரிலேயே இருந்து, கைப்பேசியைக் கவனமாகக் கையாள்பவருக்கு எட்ஜே லாபம். எதை வாங்கினாலும், திரை மாற்றிய பின் பணம் கொடுப்பதற்கு முன்பே, கடையில் நின்றபடி விரலைப் புதிதாகப் பதிவு செய்து பூட்டைத் திறந்து பார்த்துவிடுங்கள்.