கல்பெப்பரா, கஃபா? லண்டனின் இரண்டு பழைய மைக்ராஸ்கோப்புகள்

கருவி செய்பவரான எட்மண்ட் கல்பெப்பர் 1720களில் லண்டனில் விற்ற மைக்ராஸ்கோப் முக்காலி வகை. கீழே மரத்தட்டில் குழியாடி, மேலே மூன்று கால்கள், அவற்றின் மேல் மாதிரியை வைக்கும் மேடை, மறுபடி மூன்று கால்கள், உச்சியில் குழாய். ஆரம்ப காலத்துக் குழாய் பித்தளைகூட இல்லை. அட்டையைச் சுருட்டித் திருக்கைத் தோல் ஒட்டியது. முழுப் பித்தளையில் வந்ததெல்லாம் பிற்பாடுதான்.

பார்க்க அழகு, வேலைக்குத் தொல்லை. ஃபோகஸ் செய்ய உள்குழாயைக் கையாலேயே ஏற்றி இறக்க வேண்டும். பெருக்கம் கூடக்கூட, மயிரிழை நகர்த்த நினைத்தால் குழாய் தாண்டிப் போய்விடும். அந்தக் காலத்து ஸ்லைடு, அபிரகத் தகடுகளுக்கு இடையே மாதிரியை வைத்த நீளமான தந்தப் பட்டை. அதைத் தள்ளப் போனால் விரல் ஏதாவதொரு காலில் இடிக்கும்.

இந்த எரிச்சல், மைக்ராஸ்கோப் பற்றி நூல் எழுதிய ஹென்றி பேக்கருக்கும் இருந்தது. அவர் யோசனைப்படி லண்டன் கருவி செய்பவர் ஜான் கஃப் 1744 வாக்கில் செய்ததில் முக்காலியே கிடையாது. மரப்பெட்டியின் மேல், ஒரு பக்கமாகத் தட்டையான பித்தளைத் தூண். அதை ஒட்டி ஏறியிறங்கும் சட்டம். அதில் எண்கள் பொறித்திருக்கும். மூன்றாம் லென்ஸை மாட்டினால் சட்டத்தையும் மூன்றில் நிறுத்தி இறுக்க வேண்டியதுதான். மிச்ச நுண்ணிய ஃபோகஸை நீளத் திருகு பார்த்துக்கொள்ளும். மேடையின் முன்புறமும் பக்கங்களும் திறந்தே கிடக்கும்.

உட்கார்ந்து வேலை செய்ய என்றால் என் ஓட்டு கஃபுக்குத்தான். ஆனால் அதன் தூணும் சட்டமும் ஆடாமல் இழைந்து ஓட, அரம் பிடிக்கிறவருக்கு நல்ல கைத்திறன் வேண்டும். குழாய் ஒரு பக்கத்திலிருந்து நீளும் ஒற்றைக் கரத்தில் தொங்குவதால், மேசையைத் தட்டினால் படம் நடுங்கும். கல்பெப்பரில் பாரம் நேராகக் கால்களுக்கு நடுவே இறங்குகிறது. செய்யவும் எளிது, அதனால்தான் 19ஆம் நூற்றாண்டு வரை விற்றுக்கொண்டிருந்தது. கஃபோ 1750இல் திவாலானார். அவர் வடிவத்தை மற்றவர்கள் நகலெடுத்து விற்றார்கள்!

லென்ஸில் பெரிய வித்தியாசம் தேட வேண்டாம். இரண்டிலும் விளிம்பில் வண்ணம் பிரியும். அந்தக் கோளாறுக்கு ஒழுங்கான வழி, 1830இல் ஜோசப் ஜாக்சன் லிஸ்டர் எழுதிய கட்டுரையோடுதான் பிறந்தது.

பித்தளை மாடல் எதை வாங்கினாலும், குத்துவிளக்கைப் போலப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். அந்தப் பொன்னிறம் பாதி பித்தளையுடையது, பாதி சூடான உலோகத்தில் பூசிய அரக்கு மெருகுடையது. உலர்ந்த மென்துணியால் தூசி தட்டினால் போதும்.