வில்லுக்குப் பாம்புத்தோல்: கிளிசரினில் பதனிட்டதா, காயவைத்த பச்சைத்தோலா?

டெக்சஸில் கையால் வில் செய்பவர்களோடு உட்கார்ந்தால் இந்தப் பேச்சு வராமல் போகாது. வில்லின் முதுகில் (எய்யும்போது இலக்கைப் பார்த்திருக்கும் பக்கம்) ஒட்டப்போகும் பாம்புத்தோலைப் பதனிட வேண்டுமா, காயவைத்தாலே போதுமா? நான் இரண்டு விதத்திலும் ஒவ்வொரு வில் செய்துவிட்டேன். இரண்டுமே ஓசேஜ் ஆரஞ்சு மரம் (பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு ‘வில் மரம்’ என்றே பெயர் வைத்தார்கள்), இரண்டிலும் டயமண்ட்பேக் கிலுகிலுப்பைப் பாம்பின் தோல். இப்போது என்னைக் கேட்டால் பச்சைத்தோல்தான்.

உரிப்பதும், மழுங்கிய கரண்டியால் சவ்வையும் கொழுப்பையும் வழிப்பதும் இரண்டுக்கும் ஒன்றுதான். ஒரு எச்சரிக்கை மட்டும்: துண்டித்த தலை நெடுநேரம் கழித்தும் கடிக்கும். அதை முதலில் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். கையுறை இல்லாமல் தோலைத் தொடாதீர்கள்.

பதனிடுவது சுலபம். கிளிசரினும் ஆல்கஹாலும் சம அளவு கலந்து சில நாள் ஊறவைத்தால் தோல் துணி போல மடியும். தொப்பிப் பட்டைக்கும் பெல்ட்டுக்கும் அருமையான தோல் அது. ஆனால் வில்லில் தோல் மடியத் தேவையே இல்லை, மரத்தோடு ஒட்டிக் கிடந்தால் போதும். அங்கேதான் கிளிசரின் காலை வாருகிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பசையும் தோலுக்குள் சரியாக இறங்காது.

என் முதல் வில்லில் தோலின் உட்புறத்தை ஆல்கஹாலால் துடைத்துத்தான் ஒட்டினேன். ஆறு மாதம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஆகஸ்ட் புழுக்கத்தில், நுனிக்கு நாலு விரல் கீழே ஓரம் லேசாகத் தூக்கியது. நகத்தால் நெம்பிப் பார்த்தேன். பசை மரத்தின் மேல் கண்ணாடி போலப் படிந்திருக்க, தோல் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தது. திரும்ப ஒட்டினேன், அடுத்த மாதம் வேறோர் இடத்தில் கிளம்பியது. இந்தப் பராமரிப்பு வேலைக்கு முடிவே இல்லை.

பச்சைத்தோலில் அந்தத் தொல்லை இல்லை. வழித்த தோலை உட்புறம் மேலே இருக்கப் பலகையில் விரித்து, இழுக்காமல் குண்டூசி குத்தி, நிழலில் காயவைத்தேன். அப்பளம் போல விறைத்துவிடும். ஒட்டும்போது வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் போட்டால் மறுபடி துவளும். மரத்தை உப்புத்தாளால் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்துவிட்டு, டைட்பாண்ட் 3 பசையை மரத்திலும் தோலிலும் தடவினேன். வால் பக்கம் நுனியை நோக்கி. வைர வடிவங்கள் நடுக்கோட்டில் வரும்படி வைத்து, கட்டைவிரலால் நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றுக்குமிழிகளைத் தள்ளி, துணிப்பட்டையால் சுற்றி ஒரு இரவு விட்டேன். நன்றாகக் காய்ந்ததும் ஓரத்தை அரத்தால் கீழ்நோக்கி மட்டும் ராவினேன். செதில்களை மாஸ்கிங் டேப் ஒட்டி உரித்தால் அடியிலுள்ள நிறம் பளிச்சென்று வரும். மேலே ட்ரூ ஆயில் என்ற மர மெருகெண்ணெய் நாலு பூச்சு. மூன்றாவது வருடம் ஓடுகிறது, ஒரு ஓரம் கூடக் கிளம்பவில்லை.

குறையும் உண்டு. காய்ந்த தோலை மடித்தால் முறியும், சும்மா வைத்தால் பூச்சி அரிக்கும். சுருட்டி ஃப்ரீசரில் வைப்பது நல்லது. நான் சொல்வதெல்லாம் இரண்டே வில்லின் அனுபவம், அதுவும் ஒரே பசையில். விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரப்பசையில் ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அது ஈரம் பட்டால் இளகும் என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

ஊரில் இருப்பவர்கள் இதைச் செய்து பார்க்க நினைக்க வேண்டாம். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பாம்புத்தோல் வாங்குவதும் விற்பதும் குற்றம். எனக்கு வந்த தோல்கள் வேட்டை உரிமம் உள்ள பக்கத்து வீட்டுக்காரர் தந்தவை. பதனிட்டதில் மிஞ்சிய துண்டை அம்பறாத்தூணியின் வாரில் தைத்திருக்கிறேன். அங்கே அது அழகாகவே இருக்கிறது.